கைரோபிராக்டிக் படிப்பிலிருந்து முழுமை நல சிகிச்சை வரை: ராமநாதபுரம் கடற்கரைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை இடுப்புவலி இல்லாத வீடு குறைவு. வலிக்கு வழி தேடுகிறவர்களும், மூட்டுகளைக் கையால் அசைத்து வலியைக் குறைக்கும் கைரோபிராக்டிக்கைப் பிளஸ் டூ முடித்துவிட்டுப் படிக்கலாமா என்று யோசிக்கிறவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. முன்பின்னாகப் படித்தாலும் புரியும்.

கைரோபிராக்டரும் சுளுக்கு எடுப்பவரும் ஒன்றுதானே?

இருவரும் கையால் வேலை செய்கிறார்கள், அவ்வளவுதான் ஒற்றுமை. சுளுக்கு நீவுகிறவர் எண்ணெய் போட்டுத் தசையைத் தேய்த்து இளக்குகிறார். கைரோபிராக்டர் வேலை செய்வது பெரும்பாலும் மூட்டில். முதுகெலும்பில் அசையக்கூடிய எலும்புகள் 24: கழுத்தில் 7, மார்புக்குப் பின்னால் 12, இடுப்பில் 5. ஒவ்வொரு எலும்பும் அடுத்த எலும்போடு பின்பக்கம் இரண்டு சிறு மூட்டுகளால் இணைந்திருக்கிறது. எந்த மூட்டு இறுகியிருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்து, அதை அசைவின் எல்லைவரை மெதுவாகக் கொண்டுபோய், அங்கிருந்து சட்டென்று, மிகக் குறைந்த தூரத்துக்கு ஒரு தள்ளு தள்ளுவார். தள்ளுவதற்கு முன்னால் நரம்பு, தசை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் சோதித்திருக்க வேண்டும். அந்தச் சோதனைக்காகத்தான் வருடக்கணக்கில் படிக்கிறார்கள்.

இரட்டைப் பிறவி நீவினால் சுளுக்கு போகும் என்று சொல்லும் ஊர்கள் இங்கே உண்டு. சாதாரணத் தசைப்பிடிப்பு நாலைந்து நாளில் தானாகவே இளகும் என்பதால் அந்த நம்பிக்கைக்குச் சேதம் வருவதில்லை.

கைரோபிராக்டிக் எங்கே தொடங்கியது? அறிவியல்தானா?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் நகரில் 1895-இல் டி.டி. பால்மர் என்பவர் தொடங்கினார். 1897-இல் பள்ளியும் திறந்தார். எலும்பு சற்றே இடம் பிசகி நரம்பை அழுத்துவதால்தான் ஏறத்தாழ எல்லா நோயும் வருகிறது என்பது அவருடைய கொள்கை. அது நிரூபிக்கப்படவில்லை. இன்று நன்றாகப் படித்த கைரோபிராக்டர்களில் பலர் அதைக் கைவிட்டுவிட்டார்கள், சிலர் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நிரூபணம் உள்ள பகுதி சிறியது. இடுப்புவலிக்கு இந்தக் கைமுறை ஓரளவு உதவுகிறது. உடற்பயிற்சி போன்ற மற்ற நல்ல சிகிச்சைகள் தரும் அளவுக்குத் தருகிறது, அவற்றைவிடப் பெரிதாக அல்ல. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இது மருந்தில்லாச் சிகிச்சைகளில் ஒன்றாக இடம்பெற்றது. நாள்பட்ட இடுப்புவலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தந்த வழிகாட்டுதலிலும் இருக்கிறது. பிரிட்டனின் 2016 வழிகாட்டுதல் ஒரு நிபந்தனை போடுகிறது: உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான் செய்ய வேண்டும், தனியாக அல்ல. அந்த நிபந்தனை சரியானது.

கைரோபிராக்டர் ஆக என்ன படிக்க வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2005-இல் ஓர் அளவுகோல் வைத்தது. மருத்துவப் படிப்பு எதுவும் இல்லாமல் புதிதாக வருகிறவருக்குக் குறைந்தது 4,200 மணி நேரப் பயிற்சி, அதில் 1,000 மணி நேரமாவது மூத்தவர் மேற்பார்வையில் நோயாளியைப் பார்த்திருக்க வேண்டும். ஏற்கெனவே மருத்துவத் துறையில் இருப்பவர் முழுக் கைரோபிராக்டராக மாற 2,200 மணி நேரம், அதிலும் 1,000 மணி நேரம் நோயாளிகளோடு.

அமெரிக்காவில் இது பட்டப்படிப்புப் பாடங்களுக்குப் பிறகு வரும் நாலு வருட முனைவர் நிலைப் படிப்பு. பிறகு தேசியத் தேர்வு, மாநில லைசென்ஸ். பிரிட்டனில் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனி மன்றம் பதிவு செய்கிறது. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் செலவிலும் தூரத்திலும் கட்டுப்படியாகக்கூடியது மலேசியா. கோலாலம்பூரிலுள்ள ஐஎம்யூ பல்கலைக்கழகத்தில் நாலு வருட இளநிலைப் படிப்பு இருக்கிறது. அந்த நாடு 2016-இல் கொண்டுவந்த பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தில் கைரோபிராக்டிக் ஓர் அங்கீகரிக்கப்பட்ட துறை. கீழக்கரை, தொண்டிக் குடும்பங்களுக்கு அங்கே உறவுக்காரர் இருப்பது தங்குமிடச் செலவைக் குறைக்கும்.

படித்துவிட்டு வந்தால் இந்தியாவில் செல்லுமா?

சேருவதற்கு முன்னாலேயே கேட்க வேண்டிய கேள்வி இது. இந்தியாவில் கைரோபிராக்டிக்குக்கென்று சட்டப்படி அமைந்த மன்றம் கிடையாது. பிசியோதெரபி முதலிய துறைகளுக்கு 2021-இல் தேசிய ஆணையச் சட்டம் வந்தது, அதிலும் இது தனித் தொழிலாக இல்லை. ஆகவே வெளிநாட்டுப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே மருந்து எழுத முடியாது. பதிவு பெற்ற மருத்துவர் என்று பலகை வைக்கவும் முடியாது.

இந்த ஊரிலேயே தொழில் செய்ய வேண்டும் என்று நினைப்பவருக்கு எங்கள் யோசனை: முதலில் இங்கே சட்டப்படி நிற்கும் ஒரு பட்டம் வாங்குங்கள். பிசியோதெரபி இளநிலை ஒரு வழி. சித்த மருத்துவம் இன்னொரு வழி. உள்ளுறைப் பயிற்சியோடு ஐந்தரை வருடம், நீட் தேர்வு வேண்டும், வர்மமும் பாடத்தில் வரும், பாளையங்கோட்டையில் அரசுக் கல்லூரி இருக்கிறது. இயற்கை மருத்துவமும் யோகாவும் மூன்றாவது வழி, அதுவும் ஐந்தரை வருடம். அதற்குமேல் கைமுறையைப் படிக்கலாம். நேரம் கூடுதல், ஆனால் நாளைக்கு ஒரு புகார் வந்தால் நிற்பதற்குத் தரை இருக்கும்.

சனி, ஞாயிறு வகுப்பில் சான்றிதழ் தருகிறார்களே?

இரண்டு நாளில் தள்ளும் முறையைக் காட்டிவிடலாம், காட்டியதை மேடையில் செய்துகாட்டவும் முடியும். முதுகெலும்புக் காசநோயை, எலும்பில் பரவிய புற்றுநோயை, நரம்பு நசுங்கிய ஆளை அடையாளம் காண அந்த இரண்டு நாள் போதாது. பிசியோதெரபிஸ்ட் ஒருவர் தன் படிப்போடு சேர்த்துக் கூடுதல் நுட்பமாகக் கற்றால் அர்த்தமுண்டு. உடற்கூறு படிக்காதவர் கற்றால் ஆபத்து.

முழுமை நல சிகிச்சைக்குள் ஒரு கைரோபிராக்டர் எப்படி நுழைவது?

முழுமை நல சிகிச்சை என்றால் வலிக்கிற இடத்தோடு நிற்காமல் உடம்பு, மனம், வாழ்க்கைமுறை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது. அதற்குப் பொதுவாக இரண்டு பாதைகள் இருக்கின்றன, ஒன்று தவறான பாதை. முதுகில் ஆரம்பித்து, கொஞ்சம் பெயர் வந்ததும், உடம்பிலுள்ள நஞ்சை எடுக்கிறேன் என்று பொடி விற்பது, கையைப் பிடித்தால் நாற்பது நோய் சொல்லும் மெஷின் வாங்கி வைப்பது, சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்வது. நோயாளி பார்வையிலும் வருமானக் கணக்கிலும் இது வளர்ச்சி மாதிரித் தெரியும். இதற்கும் முழுமைக்கும் சம்பந்தமில்லை.

மற்றது மெதுவான பாதை. முதல் இரண்டு வருடம் இடுப்பு, கழுத்து மட்டும், அதையும் ஒரு மூத்தவரோடு. அடுத்து உடற்பயிற்சி: எந்த வலிக்கு எது, எத்தனை முறை, எப்போது கூட்டுவது என்பதை எழுதிக்கொடுக்கத் தெரிய வேண்டும். மூன்றாவது, நாள்பட்ட வலியின் இயல்பு. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற வலியில் திசுக்காயத்தின் பங்கு குறைந்து, தூக்கம், கவலை, பயம் ஆகியவற்றின் பங்கு கூடுகிறது. விசைப்படகில் போகிறவரிடம் எத்தனை மணி நேரம் தூக்கம் என்று கேட்காமல் முதுகை மட்டும் பார்ப்பது பாதிச் சோதனை. பீடியும் குடியும் கணக்கில் வர வேண்டும். முதுகெலும்புகளுக்கு இடையே இருக்கும் தட்டுகளுக்கு (ஜவ்வு என்று சொல்வது இதைத்தான்) போகும் ரத்தத்தைப் புகை குறைக்கிறது. படகுக் கடன், பிடிபட்ட படகு, கடலுக்குப் போக முடியாத வாரங்கள் எல்லாம் வலியோடு சேர்ந்தே உள்ளே வருகின்றன. அதைக் காது கொடுத்துக் கேட்கவும், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்பவும் பழக வேண்டும்.

நான்காவது, அனுப்பும் இடங்கள். எலும்பு மருத்துவர், நரம்பு மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், சித்த மருத்துவர், ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவற்றின் எண்கள் கையில் இருக்க வேண்டும். படுக்கையிலிருப்பவருக்கு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அனுப்பும்போது வெறும் வாய்வார்த்தை வேண்டாம். என்ன பார்த்தோம், எதைச் சந்தேகிக்கிறோம், எந்தத் தேதியில் என்று நாலு வரி எழுதிக் கொடுத்தால் அங்கே வேலை பாதி முடிந்துவிடும்.

முதல் தடவை போனால் என்ன நடக்க வேண்டும்?

அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். முதலில் கேள்விகள்: வலி எப்போது, எப்படி வந்தது, காலுக்கு இறங்குகிறதா, இரவில் எழுப்புகிறதா, காய்ச்சல், எடைக் குறைவு, சிறுநீர், மலம், பழைய நோய், மாத்திரைகள். பிறகு ரத்த அழுத்தம். மல்லாக்கப் படுக்கவைத்து முட்டியை மடக்காமல் ஒவ்வொரு காலாகத் தூக்குவார். ஏறத்தாழ 30 முதல் 70 டிகிரிக்குள் வலி முட்டிக்குக் கீழே பாய்ந்தால் நரம்பு வேர் எரிச்சலடைந்திருக்கலாம். முட்டியிலும் குதிகால் நாணிலும் சுத்தியால் தட்டுவார். கால் பெருவிரலை மேலே தூக்கச் சொல்லி அழுத்துவார், குதிகாலால் நடக்கச் சொல்வார், விரல் நுனியில் நடக்கச் சொல்வார். காலில் தொட்டால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தெரிகிறதா என்று பார்ப்பார்.

இவை எதுவும் இல்லாமல் சட்டையோடு கவிழ்த்துப் போட்டு அமுக்குகிற இடமென்றால் எழுந்து வந்துவிடலாம். எல்லோருக்கும் முதல் நாளே எக்ஸ்ரே என்பதும் தேவையில்லை. ஆபத்து அறிகுறி இல்லாத புது இடுப்புவலிக்கு முதல் ஆறு வாரம் படமெடுத்தால் சிகிச்சை மாறப்போவதில்லை.

படக்கென்று சத்தம் வருகிறதே, எலும்பு இடத்தில் உட்கார்ந்துவிட்டதா?

இல்லை. மூட்டு நீரின் அழுத்தம் சட்டென்று குறையும்போது உள்ளே வாயு நிறைந்த இடைவெளி உண்டாகிறது. விரல் மூட்டை எம்ஆர்ஐயில் வைத்து 2015-இல் படம் பிடித்தே காட்டினார்கள். அதே மூட்டு மறுபடி சத்தம் போட ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். சத்தம் வந்ததற்கும் வலி குறைவதற்கும் நேர்த் தொடர்பு இல்லை.

விலகிய ஜவ்வை உள்ளே தள்ளிவிட முடியுமா?

முடியாது. யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். பிதுங்கிய தட்டு பெரும்பாலும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தானாகச் சுருங்குகிறது. வலியே இல்லாதவர்களுக்கு ஸ்கேன் எடுத்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 20 வயதில் 37 சதவீதத்தினருக்கும் 80 வயதில் 96 சதவீதத்தினருக்கும் தட்டுத் தேய்மானம் இருந்தது. ஆகவே ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பயப்படுவதைவிட, காலில் பலம் இருக்கிறதா, நடை கூடுகிறதா என்று பார்ப்பது நல்லது.

இந்தக் கடற்கரை வேலைகளில் எதற்கு எந்த வலி வருகிறது?

வலை பின்னுகிறவர்கள்: தரையில் காலை நீட்டி, கால் பெருவிரலில் வலையை மாட்டி, மணிக்கணக்கில் குனிந்திருப்பதால் கழுத்தின் அடிப்பகுதியும் இடுப்பும் சேர்ந்து பிடிக்கும். கழுத்தைச் சொடுக்கினால் அன்று மாலை சுகமாக இருக்கும், மறுநாள் திரும்ப வரும், ஏனென்றால் உட்காரும் விதம் மாறவில்லை. வலையை நெஞ்சு உயரத்தில் தூணில் கட்டிக்கொள்ளலாம். பிட்டத்துக்கு அடியில் நாலு விரற்கடை உயரத்துக்குப் பலகை போட்டால் இடுப்பு வளைவது குறையும். 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து கையை இடுப்பில் வைத்துப் பின்னால் ஐந்து தடவை சாய வேண்டும்.

விசைப்படகில் வலை இழுப்பவர்கள்: ஆடும் தளத்தில் ஒரே பக்கம் திரும்பி இழுப்பதால் ஒருபக்க இடுப்புவலி. அடுத்த தடவை வலை இழுக்கும்போது நிற்கும் பக்கத்தை மாற்றிக்கொள்வது எளிய மருந்து. ஐஸ் பெட்டியைத் தூக்கும்போது இடுப்பை முறுக்காமல் காலை நகர்த்தித் திரும்ப வேண்டும். தூங்கி எழுந்தவுடன் அரை மணி நேரம் கனம் தூக்காமலிருப்பது நல்லது. இரவில் தட்டுகள் நீர் கோத்து உப்பியிருக்கும், குனிந்தால் அழுத்தம் கூடுதலாக விழும்.

பாசி எடுக்கும் பெண்கள்: தண்ணீரில் கவிழ்ந்து மிதந்து, மூச்சுக்காகத் தலையைத் திரும்பத் திரும்ப நிமிர்த்துவதால் கழுத்தின் மேல்பகுதியில் வலியும் பின்தலை வலியும். கழுத்தின் ஆழத் தசைகளுக்குப் பயிற்சி தர வேண்டும். மல்லாக்கப் படுத்து, தலையைத் தூக்காமல் தாடையை உள்ளிழுத்து 10 விநாடி, 10 முறை. வாரத்துக்கு ஐந்து நாள் செய்தால் ஆறு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

உப்பளத் தொழிலாளிகள்: இங்கே ஒரு பொறி இருக்கிறது. வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடித்து வேலை செய்கிறவர்களுக்குச் சிறுநீரகக் கல் வரும். அந்த வலி விலாவுக்குக் கீழே தொடங்கி, அலை அலையாக வந்து, தொடை இடுக்குக்கு இறங்கும். எப்படித் திரும்பிப் படுத்தாலும் குறையாது. முதுகுவலியாக இருந்தால் ஏதாவதொரு நிலையில் குறையும். வாலிநோக்கம் பக்கத்திலிருந்து வருகிறவரிடம் சிறுநீரைப் பற்றிக் கேட்காமல் முதுகில் கை வைக்கக் கூடாது.

பனையேறிகள்: மரத்திலிருந்து விழுந்தவர் எழுந்து நடந்து வந்தாலும் எக்ஸ்ரே பார்க்காமல் தொடக் கூடாது. நடக்கிறார் என்பது எலும்பு முறியவில்லை என்பதற்குச் சாட்சி அல்ல.

சங்கு குளித்துவிட்டு வந்தவருக்குத் தோள் வலி. வந்து பார்க்கலாமா?

கம்ப்ரசர் குழாயில் மூச்சு வாங்கிக் குளித்தவர் என்றால் கைரோபிராக்டரிடம் போகவே கூடாது. ஆழத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், வேகமாக மேலே வரும்போது குமிழியாகிறது. குளித்த சில மணி நேரத்தில், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள், தோளிலோ முழங்கையிலோ ஆழமான வலியாகத் தொடங்கும். மரத்துப்போதல், தலைசுற்றல், கால் பலவீனம் தொடர்ந்து வரலாம். தேய்க்காதீர்கள், திரும்பவும் கடலில் இறக்காதீர்கள். படுக்கவைத்து 108-ஐ அழைத்து, கம்ப்ரசரில் குளித்தவர் என்று முதல் வார்த்தையாகச் சொல்லி ஆக்சிஜன் கேளுங்கள்.

யாருக்குக் கை வைக்கவே கூடாது?

இருக்கை படும் இடம் மரத்துப்போதல், சிறுநீர் வராமை அல்லது அடக்க முடியாமை, இரண்டு காலும் பலமிழத்தல்: இது அவசரம். நரம்புக் கொத்து நசுங்கியிருக்கலாம், மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டும். ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரத்துக்கே சுமார் 55 கிலோமீட்டர் என்பதால் காலை வரை பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். நரம்பு அறுவைக்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு அனுப்ப நேரலாம்.

மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்த முதுகுவலிக்குக் காசநோய்ச் சோதனை முதலில். புற்றுநோய் வந்தவர், நீண்டநாள் ஸ்டீராய்டு எடுத்தவர், எலும்பு அடர்த்தி குறைந்த முதியவர், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் ஆகியோருக்குத் தள்ளும் முறை வேண்டாம். மென்மையான அசைவும் பயிற்சியும் போதும்.

கழுத்தைத் திருகுவது ஆபத்தா?

அரிது, ஆனால் நடந்தால் பெரிது. கழுத்து எலும்புகள் வழியாக மூளைக்குப் போகும் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். ஏற்கெனவே கிழியத் தொடங்கிய தமனியின் வலியைக் கழுத்துப்பிடிப்பு என்று நினைத்து ஆள் வருவதும் உண்டு. அதை முன்கூட்டியே உறுதியாகக் கண்டுபிடிக்கும் கைச்சோதனை எதுவும் இல்லை. இதுவரை வராத மாதிரி ஒருபக்கக் கழுத்துவலி, அதோடு இரட்டைப் பார்வை, நாக்குழறல், விழுங்க முடியாமை, தள்ளாட்டம் இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனைக்குத்தான். எங்கள் நிலைப்பாடு இது: கழுத்துவலிக்கு மென்மையான அசைவும் பயிற்சியும் ஏறத்தாழ அதே பலனைத் தரும்போது வேகமாகத் திருகும் அவசியம் பெரும்பாலும் இல்லை. சலூனில் முடி வெட்டியபின் தலையைத் திருப்பிச் சொடுக்குவதையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எத்தனை தடவை வர வேண்டும்?

இரண்டு முதல் நாலு வாரத்துக்குள் ஆறு தடவை பார்த்தும் வலியோ வேலைத்திறனோ மாறவில்லை என்றால் சிகிச்சையை மாற்ற வேண்டும், அல்லது ஆளை. வலி இருக்கிறதோ இல்லையோ வருடம் முழுக்க வர வேண்டும் என்று முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

சர்க்கரை, ஆஸ்துமா, குழந்தையில்லாமை?

முதுகைத் தள்ளி இவற்றைக் குணமாக்க முடியும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சர்க்கரை, பக்கவாதம் போன்ற நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட.

வர்மம், தொக்கணம் (சித்த மருத்துவத் தேய்ப்பு முறை) ஆகியவற்றோடு சேர்த்துச் செய்யலாமா?

பதிவு பெற்ற சித்த மருத்துவர் செய்தால் சேர்த்துச் செய்யலாம், ஆனால் ஒரே நாளில் இரண்டும் வேண்டாம். மறுநாள் வலி கூடினால் எதனால் என்று தெரியாமல் போகும். இரண்டு நாள் இடைவெளி விட்டு, இரண்டு பேரிடமும் மற்றவரைப் பற்றிச் சொல்லிவிடுங்கள்.

கிளினிக் வைக்க என்ன தேவை?

முகத்துக்குத் துளையுள்ள கட்டில், ரத்த அழுத்தக் கருவி, தெர்மாமீட்டர், சுத்தியல், அதிர்வு உணர்வைச் சோதிக்க 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை, சர்க்கரைக்காரர் பாதம் பார்க்க 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழை, பூட்டு வைத்த பதிவேடு அலமாரி. எக்ஸ்ரே மெஷின் வைத்தால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய உரிமம் வேண்டும் என்பதால் வெளியில் எடுத்துக்கொள்வதே மேல். உங்கள் பட்டத்துக்கு எந்தப் பதிவு பொருந்தும் என்று மாவட்ட சுகாதாரப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பலகை எழுதுங்கள்.

தள்ளும்போது ஒரு பகுதி சற்றே கீழே விழும் வெளிநாட்டுக் கட்டிலான டிராப் டேபிள் மேல் ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு சொல்: பாம்பன் காற்றில் அதன் ஸ்பிரிங்கும் பூட்டும் துருப்பிடித்து, விழ வேண்டிய பகுதி பாதியில் சிக்கிக்கொள்ளும். சிக்கியது தெரியாமல் தள்ளினால் அந்த விசை முழுவதும் நோயாளியின் விலாவில் இறங்கும். வாங்கினால் வாரம் ஒருமுறை உப்பைத் துடைத்து, மாதம் ஒருமுறை கிரீஸ் போட்டு, காலையில் ஆள் படுக்கும் முன் வெறும் கட்டிலில் நாலு தடவை இறக்கிப் பாருங்கள். தேக்குச் சட்டத்தில் உள்ளூர் ஆசாரி செய்து தரும் கட்டில் போதும் என்பது எங்கள் எண்ணம்.

மீன்பிடித் தடைக்காலத்தில் சிகிச்சை எடுத்தால் நல்லதா?

விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள்தான் ஒழுங்காக வந்துபோகக் கிடைக்கும் காலம். ஆனால் முழு ஓய்வு எடுத்துவிட்டு ஜூன் 15 அன்று நேராகக் கடலுக்குப் போனால், இரண்டு மாதம் தளர்ந்த இடுப்பு முதல் வாரத்திலேயே பிடித்துக்கொள்ளும். ஏப்ரலில் சோதனையும் கைச்சிகிச்சையும் முடித்துக்கொள்ளுங்கள். மே முதல் வாரத்திலிருந்து தினமும் 30 நிமிடம் மணலில் நடை. கூடவே பயிற்சி: முட்டியும் கையும் ஊன்றி எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டி 10 விநாடி நிறுத்துவது, பக்கத்துக்கு எட்டு முறை, பக்கவாட்டில் முழங்கையில் ஊன்றி இடுப்பைத் தூக்கி 10 விநாடி, பக்கத்துக்கு ஐந்து முறை. மே கடைசியில் 10 கிலோ மணல் மூட்டையைத் தரையிலிருந்து தூக்கி வைப்பது, பத்து பத்தாக இரண்டு சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். மூன்று நாளைக்கு ஒருமுறை 2 கிலோ கூட்டி, ஜூன் 12-க்குள் 20 கிலோவைத் தொடுங்கள். தூக்கிய மறுநாள் காலை வலி கூடியிருந்தால் பழைய எடைக்கே இறங்கி, இரண்டு தடவை அதிலேயே நில்லுங்கள். காலுக்கு வலி இறங்கினால் மூட்டையை விட்டுவிட்டு மறுபடி சோதனைக்கு வாருங்கள்.